40 ரூபாய் கப்ளர்

அம்மாவின் மிக்ஸிக்கு வயது பத்தொன்பது. நேற்று சட்னி அரைக்கும்போது மோட்டார் மட்டும் சுற்றியது, பிளேடு அசையவில்லை. தெருமுனைக் கடைக்காரர் அடியில் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும், தேய்ந்துபோன கப்ளரைக் கழற்றி வேறு மாட்டினார். 40 ரூபாய், ஐந்து நிமிடம்.

“அது தேயுறதுக்குன்னே வச்சதுதான் சார். ஜார் இறுகிட்டா முதல்ல இதுதான் போகும், மோட்டார் தப்பிச்சிடும்” என்றார். விலை குறைந்த பாகத்தைப் பலிகொடுத்து விலை கூடியதைக் காப்பாற்றும் யோசனை! எந்தப் புண்ணியவானுக்கு முதலில் தோன்றியதோ.

போன வருடம் நான் வாங்கிய இயர்பட்ஸைத் திறக்கவே முடியாது. பேட்டரியை வைத்துப் பசை போட்டு மூடிவிட்டார்கள். சார்ஜ் நிற்கவில்லை என்றால் குப்பைதான்.

ஃபிரான்ஸில் போன், லேப்டாப்பை விற்கும்போது ‘பழுதுபார்க்க எவ்வளவு எளிது’ என்று 10-க்கு மதிப்பெண் காட்ட வேண்டும் என்று 2021 ஜனவரியிலேயே விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2027 பிப்ரவரி முதல் இந்த மாதிரிச் சாதனங்களின் பேட்டரியைப் பெரும்பாலும் வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். இங்கே நான் கடையில் கேட்டதெல்லாம் “ஆஃபர் இருக்கா?” மட்டும்தான். என் தப்பும் இருக்கிறது.

சரி, அந்த இயர்பட்ஸ் இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. அம்மா இப்போது இட்லிப்பொடி அரைக்கிறார்.