எம்பிஏ: அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால்…

எம்பிஏ சேரலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பட்டம் வாங்கியபிறகு வருகிற முதல் திங்கட்கிழமை எந்த வேலையில் போய் உட்காரப் போகிறீர்கள்? பெரும்பாலும் ஒரு சிரிப்பு, அப்புறம் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு போனவன்தான், அதனால் கோபம் வருவதில்லை, கொஞ்சம் பயம்தான் வருகிறது.

ஏனென்றால் அங்கே போய்ப் பார்க்க நேரமே இருக்காது. அமெரிக்க பாணி இரண்டு வருடப் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்பு தொடங்கினால், சக மாணவர்களின் பெயர்கூட மனதில் பதியாத நிலையில் ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் அறிமுகக் கூட்டம் போட ஆரம்பித்துவிடும், ஜனவரி வாக்கில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு நேர்காணல் நடக்கும், அந்த இன்டர்ன்ஷிப்தான் பலருக்கு நிரந்தர வேலையாகவும் மாறும். ஆக, இரண்டு வருடப் படிப்பின் பெரிய முடிவை முதல் சில மாதங்களில் எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தபோது டிசம்பர். பக்கத்து இருக்கைக்காரர் அதற்குள் ஐம்பது மாதிரி நேர்காணல்களை முடித்திருந்தார்.

ஒரு வருடப் படிப்பில் இது இன்னும் இறுக்கம். பிரான்ஸில் தொடங்கிய வணிகப் பள்ளியான இன்சியாடின் படிப்பு 10 மாதம்தான். அங்கே ஜனவரியில் சேர்ந்தால் நடுவில் ஒரு கோடை இடைவெளி உண்டு, இன்டர்ன்ஷிப் செய்யலாம். ஆகஸ்ட் இறுதியில் சேர்ந்தால் அது கிடையாது. துறை மாறப் போகிறவருக்கு இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய விஷயம், ஆனால் தரவரிசைப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

துறை, செய்யும் வேலை, நாடு: இந்த மூன்றையும் ஒரே தாவலில் மாற்ற நினைப்பவர்கள் நிறைய. நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்றிலும் நீங்கள் புதியவர் என்றால், எதற்காக உங்களை எடுக்க வேண்டும் என்று நேர்காணலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றத்தானே செய்யும்? ஒன்றையாவது பழையதாக வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற வேலையிலேயே மேலே போவதுதான் நோக்கம் என்றால் வேலையை விடவே வேண்டாம், எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ அதற்காகவே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை 1943லேயே தொடங்கிவிட்டது.

பணம். கட்டணத்தை மட்டும் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள், அந்த இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளத்தையும் கடனுக்கான வட்டியையும் சேருங்கள். சொந்தமாகத் தொழில் தொடங்குவேன் என்று கட்டுரை எழுதிச் சேர்ந்த என் வகுப்புத் தோழர்களில் சிலர் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனதற்குக் காரணம் ஆர்வம் மாறியது இல்லை, மாதத் தவணை. கடன் வாங்கும் நாளிலேயே பாதிக் கதவுகள் சாத்தப்படுகின்றன, அது அப்போது தெரியாது.

விண்ணப்பக் கட்டுரை என்றதும் ஞாபகம் வருகிறது. குறுகியகால லட்சியம், நீண்டகால லட்சியம் என்று பல வணிகப் பள்ளிகள் கேட்கும். நான் அழகாக ஒரு பொய் எழுதினேன், இடமும் கிடைத்தது. பொய் எழுதியது எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. யோசிப்பதற்கென்றே கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை வார்த்தை அலங்காரத்தில் வீணடித்ததுதான் வருத்தம்.

எம்பிஏ சேர்க்கைக்குப் பல பள்ளிகள் பார்க்கும் ஜிமேட் தேர்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை, ஐந்து வருடம் செல்லும். சீக்கிரம் எழுதி வைத்துவிட்டு மிச்ச நேரத்தில் மனிதர்களிடம் பேசுங்கள்.

யாரிடம்? நீங்கள் ஆசைப்படும் வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆனவர்களிடம். "எம்பிஏ உதவியதா" என்று கேட்டால் உதவியது என்றுதான் சொல்வார்கள், அவ்வளவு செலவழித்தவர் வேறென்ன சொல்வார்? போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். என்னிடம் யோசனை கேட்ட ஒரு பெண் இப்படி எட்டுப் பேரிடம் கேட்டார். எட்டில் ஆறு பேர் எம்பிஏ படித்திருக்கவே இல்லை. விண்ணப்பத்தை அப்படியே வைத்துவிட்டு, தன் நிறுவனத்திலேயே அந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டார், நான்கு மாதத்தில் கிடைத்தது.