துபாய் நிதி மையத்தில் நின்றுபோன சம்பளத்தை வாங்கியது

2022 மார்ச் கடைசியில் என் வேலை போனது. துபாய் சர்வதேச நிதி மையத்தில், எல்லாரும் டிஐஎஃப்சி என்று சொல்கிற இடத்தில், ஒரு சிறிய முதலீட்டு நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் வேலை. மாதம் 14,000 திர்ஹம். கடைசி இரண்டு மாதச் சம்பளமும், எடுக்காமல் விட்ட 9 நாள் விடுப்புக்கான பணமும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றார்கள். விசா ரத்து செய்யும் தாள்களோடு, "எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளையும் சேர்த்து நீட்டினார்கள். அதில் மட்டும் நான் கையெழுத்துப் போடவில்லை. நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

அப்புறம் நேராகத் தொழிலாளர் அமைச்சகத்தின் சேவை மையத்துக்குப் போனேன். அமீரகத்தில் தனியார் கம்பெனி சம்பளம் தராவிட்டால் அங்கேதான் போவார்கள். கம்பெனி முகவரியைப் பார்த்ததும், "டிஐஎஃப்சி எங்கள் வரம்பில் வராது" என்று சொல்லிவிட்டார்கள். அன்று மெட்ரோவில் திரும்பும்போது கண் கலங்கியது. மூன்று வருடம் வேலை பார்த்த இடத்துக்கு எந்தச் சட்டம் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

விளங்க வைத்தவர் வேறொரு வங்கியில், சட்டவிதிகள் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கும் இணக்கப் பிரிவில் இருந்த திருநெல்வேலி அக்கா. "தம்பி, அந்த வளாகத்துக்குள்ள வேற சட்டம். குற்றவியல் சட்டம் மட்டும்தான் நாட்டுக்கெல்லாம் பொது. சிவில், வணிகச் சட்டமெல்லாம் அவங்களே எழுதினது" என்றார். அதற்காக 2004ல் அமீரகம் தன் அரசியலமைப்பையே திருத்தியிருக்கிறது. லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வங்கிகள் வர வேண்டுமென்றால், தங்களுக்குப் பழக்கமான ஒப்பந்தச் சட்டமும் ஆங்கிலத்தில் நடக்கும் நீதிமன்றமும் வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கத் தனி ஆணையம், 'காமன் லா' எனும் ஆங்கிலேயச் சட்ட முறையில் தனி நீதிமன்றம். முதல் தலைமை நீதிபதி இங்கிலாந்தின் சர் அந்தோணி எவன்ஸ், அடுத்தவர் சிங்கப்பூரின் மைக்கேல் ஹ்வாங். வெளிநாட்டுப் பணத்தை வரவழைக்கக் கட்டிய ஏற்பாடு இது. அதே கதவு என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கும் திறக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அங்கே சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. 5 லட்சம் திர்ஹம் வரையுள்ள வழக்குகளை எடுக்கும். நீதிபதி அனுமதித்தால்தான் வழக்கறிஞர் வரலாம், ஆகவே நானே பேசலாம். வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து 2019ஆம் ஆண்டு டிஐஎஃப்சி வேலைவாய்ப்புச் சட்டத்தைப் படித்தேன். எளிமையான ஆங்கிலம்தான். 19ஆவது பிரிவு எனக்காகவே எழுதியது போலிருந்தது: வேலை முடிந்து 14 நாளுக்குள் பாக்கி முழுவதையும் கொடுக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் அபராதம். பாக்கி ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டினால்தான் அது பொருந்தும், வழக்கு நிலுவையில் இருக்கும் நாட்களுக்குக் கிடையாது. ஒரு நாள் சம்பளம் என்பது வருடச் சம்பளத்தை 260ஆல் வகுத்தது. எனக்கு 646 திர்ஹம் வந்தது. சம்பளம் 28,000, விடுப்பு 5,815, வழக்குப் போட்ட மே 10 வரை 26 நாள் அபராதம் 16,796. மொத்தம் 50,611.

வழக்கை இணையத்திலேயே பதிவு செய்தேன். கட்டணம் கேட்கும் தொகையில் 2 சதவீதம், கிட்டத்தட்ட 1,000 திர்ஹம். கையில் பணமில்லாத நேரத்தில் அது பெரிய தொகைதான், நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டினேன். வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, விடுப்புக்கு மனிதவளப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சல், இவ்வளவுதான் ஆவணம். அலுவலக மின்னஞ்சலை முடக்கும் முன்பே அவற்றை எடுத்து வைத்திருந்தேன். அது இல்லையென்றால் விடுப்புக் கணக்கை நிரூபித்திருக்க முடியாது.

பணிக்கொடைக்குப் பதிலாக அங்கே 2020 பிப்ரவரியிலிருந்து டியூஸ் என்ற சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஐந்து வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 5.83 சதவீதத்தை முதலாளி மாதாமாதம் கட்ட வேண்டும். பணம் கம்பெனியிடம் இல்லாமல் தனி டிரஸ்டின் பொறுப்பில் இருக்கும். கம்பெனி தள்ளாடியபோதும் அதுவரை கட்டிய பணம் பத்திரமாக இருந்தது. அந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு மனதார நன்றி.

ஜூனில் நீதிபதி முன்னிலையில் சமரசப் பேச்சு, காணொளி வழியாக. அதில் சமாதானம் ஆகாவிட்டால்தான் வேறொரு நீதிபதி முன் விசாரணை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன், குறுக்கிடாமல் கேட்டார். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது, அதனால் முடிவை மட்டும் சொல்கிறேன். சம்பளமும் விடுப்புப் பணமும் முழுவதும், அபராதத்துக்கு 8,000 திர்ஹம், இரண்டு தவணையில். முழு அபராதத்துக்காகப் போராடியிருக்கலாம். ஆனால் வாடகை மூன்று மாதம் பாக்கி இருந்தது, ஒத்துக்கொண்டேன்.

ஜூலை கடைசியில் இரண்டாம் தவணையும் வந்து சேர்ந்தது. போன மாதம் என் சித்தி பையனுக்கு துபாயில் வேலை கிடைத்தது. ஆஃபர் லெட்டரை அனுப்பி, "அண்ணா, சம்பளம் சரிதானே?" என்று கேட்டான். கம்பெனி எங்கே பதிவானது, ஒப்பந்தத்துக்கு எந்தச் சட்டம் என்று முதலில் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.