தர்பார் கேள்விக்கு 15-க்கு 4 வாங்கிய கதை

யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்த முதல் வருடம். மாதிரித் தேர்வில் முகலாய தர்பார் பற்றிக் கேட்டிருந்தார்கள். மயிலாசனம், திவான்-இ-ஆம் என்ற பொது மண்டபத்தின் தூண்கள், அத்தர் வாசனை என்று இரண்டு பக்கம் அளந்துவிட்டேன். 15-க்கு 4. ஓரத்தில் சிவப்பு மையில், "கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது. அர்த்தம் எங்கே?"

கோபம் ஆற இரண்டு நாள் ஆனது. அப்புறம் பாடத்தை எடுத்து, ஒவ்வொரு சடங்குக்கும் "யார் யாரிடம் எதைச் சொல்கிறார்?" என்று கேட்டுக்கொண்டே படித்தேன். தர்பாரில் அரியணைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்களோ அதுதான் உங்கள் தகுதி. பாதுஷா அமர்ந்தபின் அனுமதி இல்லாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. 'கொலு' என்ற நம் சொல்லுக்கே அரசவை வீற்றிருப்பு என்றுதான் பொருள். நவராத்திரிப் படிகளை நினைத்துக்கொண்டால் இந்த வரிசை மறக்காது.

வணக்க முறைகள் மட்டும் மண்டையில் ஏறவில்லை. சரி, செய்தே பார்ப்போம் என்று விடுதி அறையில் தஸ்லீம் செய்தேன்: வலது புறங்கையைத் தரையில் வைத்து, மெல்ல உயர்த்தியபடி நிமிர்ந்து, உள்ளங்கையை உச்சந்தலையில் வைக்க வேண்டும். "என்னடா, சில்லறை விழுந்துடுச்சா?" என்றான் அறைத்தோழன். ஆனால் அன்றைக்குத்தான் விளங்கியது: தன்னையே காணிக்கையாகக் கொடுப்பதை உடம்பால் சொல்கிறார்கள். நெற்றி தரையில் படும் சிஜ்தாவை ஷாஜகான் ஏன் நிறுத்தினார் என்பதும் கூடவே புரிந்தது. அந்த வணக்கம் இறைவனுக்கு மட்டுமே உரியது என்பது மார்க்க அறிஞர்களின் வாதம்.

அதிகம் மதிப்பெண் தரும் இடம் கிலத் என்னும் மரியாதை உடை. சில சமயம் பாதுஷா தானே உடுத்தியதைக் கொடுப்பார். அதை அணிபவர் அரசனின் உடம்பில் ஒரு பங்காகிறார். பதிலுக்குத் தரும் நஜர் என்னும் காணிக்கை விசுவாசத்தின் அடையாளம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இதைக் கொடுக்கல் வாங்கலாக, லஞ்சமாகப் பார்த்தார்கள். வந்த பரிசுகளைத் தோஷாகானா என்னும் பரிசுக் கருவூலத்தில் சேர்த்து ஏலம் விட்டார்கள். சடங்கு அப்படியே இருந்தது, உயிர் போய்விட்டது. இந்த ஒரு பத்தியை எழுதினால் முகலாயரிலிருந்து ஆங்கிலேயருக்குப் பாலம் கிடைத்துவிடும்.

ஆங்கிலேயர் நடத்திய டெல்லி தர்பார்கள் மூன்றையும் குழப்பாதீர்கள். 1877 வைஸ்ராய் லிட்டன் நடத்தியது. விக்டோரியா பேரரசியென அறிவிக்கப்பட்டார், அதே நேரம் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. அங்கே மன்னர்களுக்குக் கிலத்துக்குப் பதில் ஐரோப்பியப் பாணிக் கொடிகளைக் கொடுத்தார்கள். 1903 வைஸ்ராய் கர்சனுடையது, அரசர் ஏழாம் எட்வர்ட் வரவில்லை. 1911-க்கு மட்டும் அரசரே நேரில் வந்தார். தலைநகர் டெல்லிக்கு மாறுவதும் வங்கப் பிரிவினை ரத்தும் அங்கேதான் அறிவிக்கப்பட்டன. மறுநாள் ஐந்தாம் ஜார்ஜும் அரசியும் செங்கோட்டையின் ஜரோகா என்னும் மாடத்தில் மக்களுக்குக் காட்சி கொடுத்தார்கள். ஔரங்கசீப் கைவிட்ட ஜரோகா தரிசனத்தை இவர்கள் தூசி தட்டி எடுத்திருந்தார்கள்!

அதே 1911-இல் பரோடா மன்னர் கெய்க்வாட் அரசர் முன் ஒரே ஒரு முறை தலை தாழ்த்திவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நடந்ததாகப் பெரிய ரகளை ஆனது. அடுத்த மாதிரித் தேர்வில் விடையை இந்தக் காட்சியிலிருந்தே தொடங்கினேன். அதே ஆசிரியர்தான் திருத்தினார். 15-க்கு 9. ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.