விஆர்எம் மேல் படும் காற்று

இரண்டு சிபியு பொருத்திய கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். மூலக்கூறு இயக்கவியல், திரவ ஓட்டக் கணக்கு என்று ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு ஜாப் போட்டால் அது வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும். அத்தனை நாளும் எல்லோருடைய கண்ணும் சிபியு வெப்பநிலையில்தான் இருக்கும். சிபியு பக்கத்திலேயே வரிசையாக நின்று அதற்கு மின்சாரம் ஊட்டுகிற விஆர்எம், அதாவது வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் மாட்யூல், அதன் சூட்டை யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் நீண்ட ஜாப்களைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தச் சூடுதான்.

பவர் சப்ளை கொடுப்பது 12 வோல்ட். சிபியு கேட்பதோ ஏறக்குறைய 1 வோல்ட். இடையில் இறக்கிக் கொடுப்பதுதான் விஆர்எம் வேலை: மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சில மாஸ்ஃபெட்கள், சோக்குகள் என்ற கம்பிச் சுருள்கள், கெப்பாசிட்டர்கள், இவற்றை இயக்கும் ஒரு கன்ட்ரோலர் சிப். 130 வாட் சிபியு என்றால் 1 வோல்ட்டில் 130 ஆம்பியர். ஏசி ஓடும் லைனுக்கே வீட்டில் 20 ஆம்பியர் எம்சிபி போதும். அதைப்போல ஆறு மடங்குக்கும் மேலான மின்னோட்டம் இங்கே இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிய பாகங்கள் வழியாகப் போகிறது. 90 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும் ஒரு சாக்கெட்டுக்கு, அதாவது ஒரு சிபியு செருகும் இடத்துக்கு, 14 வாட் அந்தச் சின்ன இடத்திலேயே சூடாக மாறிவிடும். மின்னோட்டம் இரட்டித்தால், மாஸ்ஃபெட்டின் மின்தடையால் வரும் இழப்பு நான்கு மடங்காகும். அப்புறம் இன்னொன்று: சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் மின்தடையும் ஏறும், மின்தடை ஏறினால் சூடு இன்னும் ஏறும். காற்று மட்டும்தான் இந்தச் சுழலை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துகிறது.

எங்கள் ஆய்வகத்தில் பிரச்சினை முளைத்தது ரேக் சர்வர்களுக்கான இரட்டைச் சாக்கெட் மதர்போர்டுகளை டவர் கேபினெட்டுக்குள் போட்டபோது. மாணவர்கள் அதே அறையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், ரேக் ஃபேன்களின் இரைச்சல் தாங்காது என்பது நியாயமான காரணம். ஒரு யூ, அதாவது ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் உயர ரேக் சர்வரில் இருக்கும் 40 மில்லிமீட்டர் ஃபேன்கள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் ஓடக்கூடியவை. பக்கத்தில் நின்று பேசவே முடியாது. அதனால் பெரிய, அமைதியான டவர் கூலர்கள் வந்தன. சிபியு அருமையாகக் குளிர்ந்தது.

ஆனால் ரேக் சர்வருக்காகச் செய்த மதர்போர்டில் விஆர்எம்முக்கு ஒரு குட்டி அலுமினியம் ஹீட்சிங்க்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் புயல்போல் காற்று ஓடும், பிளாஸ்டிக் மூடி அதைப் போர்டோடு ஒட்டியே செலுத்தும் என்று நம்பித்தான் அப்படி வடிவமைக்கிறார்கள். டவர் கூலரின் ஃபேனோ போர்டிலிருந்து நாலைந்து விரல் உயரத்தில், தன் தகடுகளுக்குள் மட்டுமே காற்றை ஊதுகிறது. கீழே விஆர்எம் இருக்கும் இடத்தில் காற்று அசையவே அசையாது. லிக்விட் கூலர் போட்டால் நிலைமை இன்னும் மோசம், சாக்கெட்டைச் சுற்றி ஃபேனே கிடையாது.

"சார், சிபியு அறுபதுதான் காட்டுது. ஆனா ஆரம்பிச்சு முக்கால் மணி நேரத்துல ஸ்பீடு பாதியாயிடுது" என்று ஒரு மாணவி வந்து சொன்னார். அவர் ஓட்டியது மூலக்கூறு இயக்கவியலுக்கான குரோமாக்ஸ். பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் பிழிந்து பயன்படுத்தும் மென்பொருள் அது, சாதாரண வேலையைவிட மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும். சிபியு வேகத்தைக் காட்டும் டர்போஸ்டாட் நிரலில் பார்த்தால் கடிகார வேகம் திடீரென்று விழுகிறது, சில நொடியில் ஏறுகிறது, மறுபடி விழுகிறது. சிபியு சூட்டினால் வேகம் குறைவதாக இருந்தால் வெப்பநிலை வரம்பை ஒட்டி நிற்க வேண்டும், அது அங்கே இல்லவே இல்லை. மதர்போர்டின் கண்காணிப்பு வசதியான ஐபிஎம்ஐ தரும் சென்சார் பட்டியலை வரி வரியாகப் படித்தபோது விஆர்எம் வரியில் நூறைத் தாண்டிய எண் இருந்தது. விஆர்எம் கன்ட்ரோலர் 'விஆர் ஹாட்' சிக்னலை எழுப்புகிறது, அது சிபியுவின் 'பிராக்ஹாட்' என்ற இணைப்புக் காலுக்குப் போகிறது, சிபியு உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முக்கால் மணி நேரம் ஆனதற்கும் விளக்கம் கிடைத்தது. போர்டின் செம்புப் படலமும் ஹீட்சிங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி நிலைக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஐந்து நிமிட பெஞ்ச்மார்க்கில் இது பிடிபடாது.

இந்த இடத்தில் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: பிராக்ஹாட்டை மென்பொருளில் அணைத்துவிடு, வேகம் திரும்பிவிடும் என்று. திரும்பும், உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கைதான் மாஸ்ஃபெட் எரியாமல் காப்பாற்றுகிறது. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராகச் சிபியுவுக்குள் போகவும் வாய்ப்புண்டு. யார் கேட்டாலும் இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே சொல்வேன்.

சென்சார் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அது ஓரிடத்தில் இருக்கும் ஒற்றைப் புள்ளி, வரிசையின் கடைசி மாஸ்ஃபெட் அதைவிடச் சூடாக இருக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டினால் பளபளக்கும் அலுமினியம் ஏமாற்றும். தன் சூட்டைக் கதிராக வெளியிடுவதைவிடச் சுற்றியுள்ளதன் கதிரைத்தான் அது அதிகம் பிரதிபலிக்கிறது, அதனால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஹீட்சிங்க் மேல் ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால் சரியான எண் வரும். போர்டின் பின்பக்கத்தையும் அளக்க வேண்டும். மாஸ்ஃபெட் சூட்டின் பெரும்பகுதி அதன் அடிப்பக்கம் வழியாகப் போர்டுக்குள் இறங்குவதால் பின்பக்கம் சில சமயம் ஹீட்சிங்கைவிடச் சூடாக இருக்கும்.

தீர்வு எளிமையானது. 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஒரு வளைந்த தகட்டில் திருகி, விஆர்எம் வரிசையின் நேர்மேலே ஊதும்படி வைத்தோம். நிமிடத்துக்கு 1,500 சுற்று போன்ற மெதுவான வேகமே போதுமாக இருந்தது. அசையாத காற்றுக்கும் மெல்ல அசையும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது. மெதுவாக ஓடும் காற்றை வேகமாக்கினால் கிடைக்கும் பலன் அதைவிடக் குறைவு. எண் நூறுக்கு மேலிருந்து எழுபதுகளுக்கு வந்தது. மெதுவான ஃபேனைச் செருகும்போது மதர்போர்டைக் கண்காணிக்கும் சிப்பான பிஎம்சி அதைச் செத்த ஃபேன் என்று நினைத்து எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் ஓட்டும், அப்புறம் இறக்கும், மறுபடி ஏற்றும். ஐபிஎம்ஐடூல் நிரலில் ஃபேனின் குறைந்தபட்ச வேக வரம்பை மாற்றினால் அது அடங்கிவிடும்.

மாஸ்ஃபெட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேடை மாற்றும் வேலையில் அவசரம் கூடாது. பழைய பேடின் தடிமனை அளந்துதான் புதியது வாங்க வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் போட்டால் ஹீட்சிங்க் மாஸ்ஃபெட்டைத் தொடாமல் நிற்கும், தடிமன் கூடினால் போர்டு வளையும். வெப்பக் கடத்துத்திறன் எண்ணைப் பார்த்து விலையுயர்ந்த பேடு வாங்குவதைவிடச் சரியான தடிமன் முக்கியம்.

இரண்டு சாக்கெட்டும் ஒன்றின்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் போர்டுகளில் பின்னால் உள்ளதுதான் பாவம். முன்னால் உள்ள சிபியு சூடாக்கிவிட்ட காற்றுதான் அதற்கு வரும். அப்படிப்பட்ட கணினிகளில் ஃபேனோடு சேர்த்து சிபியு இழுக்கக்கூடிய மின் வரம்பையும் கொஞ்சம் இறக்கினேன். இன்டெல்லில் 2011இன் சாண்டி பிரிட்ஜ் தொட்டு லினக்ஸிலிருந்தே இதைச் செய்யலாம். உச்ச வேகத்தில் அதிக வோல்ட்டேஜ் தேவைப்படுவதால், வரம்பை 10 சதவீதம் இறக்கினால் வேகம் அதைவிடக் குறைவாகவே குறையும். மாணவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கெப்பாசிட்டர்களுக்காகவும் இதைச் செய்யத்தான் வேண்டும். திரவ எலக்ட்ரோலைட் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சாலிட் பாலிமர் வகைக்கு 20 டிகிரிக்குப் பத்து மடங்கு என்பார்கள். வருடத்தில் 8,760 மணி நேரமும் ஓடும் கணினியில் இந்த டிகிரிகள்தான் அது மூன்று வருடம் நிற்குமா ஏழு வருடம் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. புதுக் கணினி வாங்கக் கையில் காசில்லாத ஆய்வகங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதற்குப்பின் வந்த சிபியுக்களில் சுமை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2014இல் வந்த இன்டெல்லின் ஜியான் ஈ5 வி3 வரிசையில் போர்டு ஏறக்குறைய 1.8 வோல்ட் கொடுத்தால் போதும், கடைசிக் கட்டம் சிப்புக்குள்ளேயே நடந்துவிடும். டிடிஆர்5 வந்தபோது மெமரிக்கான மின் சீராக்கியும் போர்டை விட்டு மெமரி மாட்யூலுக்கே போய்விட்டது, ஆகவே காற்று இப்போது அங்கேயும் வேண்டும். சிபியுவின் பசியோ ஏறியபடியே இருக்கிறது. 2022இல் வந்த ஏஎம்டியின் 96 கோர் எபிக் 9654 மட்டும் 360 வாட். இரண்டு போட்டால் 720 வாட், விஆர்எம் இழப்பு மட்டும் 70 வாட்டைத் தாண்டலாம்.

இப்போதெல்லாம் கணினி வாங்கும்போது விற்பவரிடம் நான் முதலில் கேட்பது மதர்போர்டின் படம். விஆர்எம் எங்கே, ஃபேன் எந்தத் திசையில் ஊதுகிறது, காற்றைச் செலுத்தும் பிளாஸ்டிக் மூடி கூடவே வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு முழு இரவும் பகலும் எல்லாக் கோர்களிலும் ஏவிஎக்ஸ் சுமை ஓட்டி, சிபியு, விஆர்எம் இரண்டு வெப்பநிலையும் கடிகார வேகமும் பதிவான கோப்பைக் கொடுத்த பிறகே பில்லில் கையெழுத்துப் போடுகிறேன்.