ஏற்காட்டுப் பாதைக்காக இண்டிகேட்டர் வேகத்தைச் சரிசெய்தது

என் மோட்டார் சைக்கிளின் முன்னும் பின்னும் இருந்த 10 வாட் பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியதும், இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 160 முறை படபடக்கத் தொடங்கியது. 60 முதல் 120 வரைதான் முறையான வேகம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், மூடுபனிக்குள் பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு என் சைகை பளிச்சென்று புரிய வேண்டும் என்பதால், இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பக்கத்தின் இரண்டு பல்புகளும் சேர்ந்து இழுக்கும் 20 வாட்டுக்கு ஏற்ப அமைந்த ஃபிளாஷர் ரிலே (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் சுவிட்ச்), மின்னோட்டம் குறைந்தால் ஒரு பல்பு போய்விட்டதாகக் கணக்கிட்டு வேகமாகத் துடிக்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தபோது என் எல்.இ.டி. இரண்டும் சேர்ந்து கால் ஆம்பியர், அதாவது 3 வாட்தான் இழுத்தன. மீதி 17 வாட்டையும் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இழுத்தால் ரிலே பழைய பல்பு இருப்பதாக ஏமாறும். அதற்கு, 12 வோல்ட்டின் வர்க்கமான 144-ஐ 17-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எட்டரை ஓம் வரும். சேலம் கடையில் 10 ஓம்தான் கிடைத்தது. அதை இண்டிகேட்டரின் பாசிட்டிவ் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே பக்க இணைப்பாகக் கொடுக்க வேண்டும். வரிசையில் கொடுத்தால் விளக்கு மங்குமே தவிர ரிலே ஏமாறாது.

முதலில் வலப்பக்கத்துக்கு, 10 வாட் வரை தாங்கும் வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டரை சைடு கவருக்குள் கேபிள் டையால் கட்டினேன். வேகம் 84-க்கு இறங்கியது. ஆனால் பத்து நிமிடம் தொடர்ந்து எரியவிட்டதில் டை இளகித் தொய்ந்து, பிளாஸ்டிக் வாடை வந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்டில் அது 19 வாட் இழுக்கிறது. பாதி நேரம் அணைந்திருந்தாலும் சராசரி 9.5 வாட், அத்தனையும் சூடுதான். எனவே 25 வாட் தாங்கும், அலுமினியக் கூடு கொண்ட 10 ஓம் ரெசிஸ்டரை வாங்கி, சேசிஸ் இரும்பில் பெயிண்டைச் சுரண்டி, சூட்டைக் கடத்தும் ஹீட்சிங்க் பசை தடவி போல்ட் போட்டு முடுக்கினேன். அந்த 25 வாட் மதிப்பே உலோகத்தோடு ஒட்டி இருந்தால்தான் பொருந்தும்.

ரிலேயை மாற்றுவதே சுத்தமான வழி என்பது என் கருத்து. என் வண்டியில் அது வேறொரு யூனிட்டோடு ஒரே பெட்டியில் இருப்பதால்தான் இப்படிச் செய்தேன். இனி ஒரு எல்.இ.டி. போனாலும் வேகம் மாறிக் காட்டாது என்பதால், கிளம்பும் முன் நான்கையும் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து இறங்கி அடிவாரத்தில் நிறுத்தி எண்ணியபோது 82. கூட்டின் மேல் விரலை இரண்டு நொடி வைக்க முடிந்தது. இடப்பக்கத்துக்கும் இதே வேலை பாக்கி.