ஸ்டோர் ரூமில் பேன்ட்ரி: கிரைண்டர் மேடை சரியாக அமைந்துவிட்டது

ஊறவைத்த உளுந்தைப் போட்டு முழு ஓட்டம் ஓடவிட்டோம். கிரைண்டர் வைத்த இடத்தைவிட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. ரசமட்டத்தில் குமிழி நடுவிலேயே நிற்கிறது. அலமாரி எதுவும் இன்னும் ஏறவில்லை, கதவு பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் இந்த அறையின் பாதி வேலை முடிந்ததாகவே நினைக்கிறேன், ஏனென்றால் மீதி அளவுகள் எல்லாம் இந்த மேடையை வைத்துத்தான்.

ஸ்டோர் ரூமைத்தான் பேன்ட்ரியாக, அதாவது சமையலறைக்குத் துணை அறையாக, மாற்றுகிறோம். அறை 5 அடிக்கு 9 அடி. முன்னால் இருக்கும் சமையலறையை ஹாலோடு திறந்துவிட்டதால் அரைப்பது, கழுவுவது, மூட்டை முடிச்சு எல்லாம் பின்னால் போகவேண்டும். பட்லர்ஸ் பேன்ட்ரி என்று வீடியோக்களில் காட்டுவது வெள்ளைக் கதவும் கண்ணாடிக் குடுவையுமாக உலர்ந்த அறை. வாரம் இரண்டு தடவை மாவு அரைக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. நம் பேன்ட்ரி முதலில் தண்ணீரைத் தாங்கவேண்டும், அழகு அப்புறம்.

மாடுலர் கிச்சன் கடை ஒன்றில் இதே அறைக்கு 3,10,000 ரூபாய் எழுதிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கதவுக்கும் இழுக்கிற கம்பிக்கூடைக்கும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வயரிங் மூன்றும் ‘உங்கள் பொறுப்பு’. பின்னாளில் இடிக்காமல் மாற்றவே முடியாத மூன்றையும் கணக்கிலேயே சேர்க்காமல் ஒரு விலையைச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நான் தலைகீழாகப் போட்டேன். மொத்தம் 1,40,000. கல்லும் கொத்து வேலையும் 38,000, வயரிங் 22,000, பிளம்பிங் 18,000, டைல்ஸ் 14,000. பிளைவுட் வேலைக்கு 30,000தான். டப்பாக்களுக்கு 6,000, எதிர்பாராத செலவுக்குக் கைக்காவலாக 12,000. காசு பற்றாவிட்டால் கதவுகள் அடுத்த வருஷம் வரட்டும். திறந்த அலமாரியில் துவரம்பருப்பு ஒன்றும் கெட்டுப்போகாது.

இனி மேடை உயரம். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. சாதாரண சமையல் மேடை 34 அங்குலம். எங்கள் 2 லிட்டர் கிரைண்டரின் வாய் அதன் அடியிலிருந்து 13 அங்குலம். அதை மேடைமேல் வைத்தால் வாய் 47 அங்குலத்துக்குப் போய்விடும். அம்மா ஐந்தடி உயரம், முழங்கை 37 அங்குலத்தில். மாவு தள்ளிவிட ஒவ்வொரு தடவையும் தோளைத் தூக்கவேண்டும், வழித்தெடுக்கும்போது இன்னும் மோசம். தரையில் வைத்தாலோ முதுகு. கணக்குப்படி பார்த்தால் 37-இல் 13 போக 24.

காகிதக் கணக்கை நம்பி கல்லை வெட்டமுடியாது. செங்கல்லைச் சிமென்ட் பூசாமல் அடுக்கி, மேலே பலகை போட்டு, கிரைண்டரை ஏற்றி அம்மாவை நிஜமாகவே அரைக்கச் சொன்னேன். ஒரு வரிசை குறைத்தால் 21. “குனியுதுப்பா”. ஒரு வரிசை கூட்டினால் 27. வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் குதிகால் தரையைவிட்டு எழும்பியது. 24-இல் நின்றபடி பக்கத்து வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டே அரைத்தார். அதையே முடிவாக வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் அரைப்பவர் வேறு உயரம் என்றால் வேறு எண் வரும். முழங்கை உயரத்திலிருந்து கிரைண்டர் வாயின் உயரத்தைக் கழியுங்கள், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் கழுவுவது. கல்லோடு டிரம்மைத் தூக்கி 34 அங்குல சிங்க்கின் விளிம்பைத் தாண்டி இறக்குவதுதான் இந்த வேலையிலேயே கையை ஒடிப்பது. அதனால் தனி சிங்க் வேண்டாம் என்று விட்டேன். மேடையின் இடதுபக்கத்தில் இரண்டடி நீளத்துக்கு ஏறக்குறைய அதே மட்டத்தில் கழுவுகிற இடம், மூன்று பக்கமும் 4 அங்குல உயரத் தடுப்பு, கிரைண்டர் பக்கம் திறப்பு. டிரம்மைச் சுழலும் அச்சிலிருந்து விடுவித்துப் பக்கத்தில் வைத்துத் தள்ளினால் நேரே குழாயடியில் போய் நிற்கிறது. கழுவுகிற பகுதிக்கு மட்டும் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (தண்ணீர் ஓடச் சரிவு). கிரைண்டர் நிற்கும் பகுதி சுத்தமான மட்டம். இரண்டும் சேரும் இடத்தில் கல்லைத் துண்டாக வெட்டி அரை அங்குலம் இறக்கியிருக்கிறோம், தண்ணீர் இந்தப் பக்கம் வராது. “ஒரே கல்லா போட்டா பளிச்சுனு இருக்கும் சார்” என்று மேஸ்திரி கடைசிவரை மல்லுக்கு நின்றார். ஒரே கல்லில் ஒரு பாதி வாட்டமும் மறுபாதி மட்டமும் வராது என்று நானும் விடவில்லை. இப்போது அவரே இன்னொரு வீட்டுக்கு இந்த அளவைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

கழிவுக்கு 75 மி.மீ. பிவிசி. மாவுக் கழுநீரின் வண்டல் சின்னக் குழாயில் படிந்து இறுகிவிடும், பிறகு அமிலம் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மேடைக்கு அடியில் பிளைவுட் கிடையாது. செங்கல் கால், இரண்டு அங்குல கான்கிரீட் பலகை, அதன்மேல் கறுப்பு கிரானைட். எவ்வளவு நல்ல பிளைவுட்டாக இருந்தாலும் அதிர்வும் ஈரமும் சேர்ந்தால் ஸ்குரூ இளகும்.

கல் வாங்கும்போது முழு ஸ்லாப் கேட்காதீர்கள். இந்த மாதிரி சின்ன மேடைக்குக் கல் கடையின் பின்பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் வெட்டுத் துண்டுகளே போதும், விலை நன்றாகக் குறையும். விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் தெளித்து விரிசல் தேடுங்கள். ஈரம் காயும்போது விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும். எனக்குக் கல்லில் மிச்சமானது வயரிங்கில் போய்விட்டது. ஓவனுக்கும் இன்டக்‌ஷன் அடுப்புக்குமான 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டுக்கும் தனித்தனி 4 சதுர மி.மீ. வயர், தனித்தனி 20 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாக விழும் சுவிட்ச்). 2,000 வாட் ஓவன் ஒன்றே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், இன்டக்‌ஷனும் அப்படியே. இரண்டும் ஒரே லைனில் வந்தால் 18 ஆம்பியர், எம்சிபியின் விளிம்புக்கே போய்விடும். தண்ணீர் புழங்குகிற இடம் என்பதால் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியில் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) மிச்சம் பிடிக்கவில்லை. சிலிண்டருக்கு இந்த அறையில் இடமில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஜன்னல் மேலே மட்டும் இருக்கிற அறையில் அதற்கு வெளியே போக வழி கிடையாது.

அலமாரிக்குக் கடப்பா கல் வாங்கி வைத்தாயிற்று. ஒரு பக்கச் சுவர் நாலரை அங்குலம்தான் என்பதால் சுவரில் காடி (பள்ளம்) வெட்டிச் சொருகாமல் எல் ஆங்கிளில் (எல் வடிவத் தாங்கி) உட்காரவைக்கப் போகிறேன். கீழ்த்தட்டு 12 அங்குல ஆழம், கண்ணுக்கு மேலே 9 போதும். அதற்குமேல் ஆழம் வைத்தால் பின்வரிசை டப்பாவில் என்ன இருக்கிறது என்றே மறந்துபோகும். தட்டுக்குத் தட்டு இடைவெளியை டப்பா வாங்கிய பிறகுதான் முடிவு செய்வேன். சென்னை ஈவ்னிங் பஜாரில் எவர்சில்வர் சம்படங்களை டேப் வைத்து அளந்து குறித்து வந்திருக்கிறேன். ஒரே கடையில் ஒரே அளவாக வாங்கினால் தட்டு உயரம் இரண்டு வகையில் அடங்கிவிடும். 25 கிலோ அரிசிக்குச் சக்கரம் வைத்த டிரம், அது மேடைக்கு அடியில்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச் சாமான் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீட்டு ஜன்னல் கதவு ஒரு ஜோடி கிடைத்தால் இந்த அறைக் கதவிலேயே பொருத்தலாம், காற்றும் வரும். கைக்காவல் பணத்தில் இன்னும் 9,500 இருக்கிறது. பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் போகும்போது கதவு நிலையின் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன்.