கோழி வேண்டாம், சான்றிதழ் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டோம்

நான் கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்தில் மோட்டார் சைக்கிளும் வாட்டர்பம்மும் திருத்துகிறேன். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய கையோடு மாமாவின் கராஜில் பழகிய தொழில். 2022இல் எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கென்று வெளிநாட்டு உதவியில் வந்த ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் சேர்ந்துதான் சான்றிதழும் டூல்ஸும் எடுத்தேன். இப்போது வேறு ஊர்ப் பெடியள் வந்து எப்படி எடுத்தாய், எங்கே போனாய் என்று கேட்பதால் முழுக்க எழுதிவிடுகிறேன்.

முதலில் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன்பு வந்த உதவிகளில் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் வரும், கோழியோ ஆடோ தையல் மெசினோ வரும், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒரே ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தையல் மெசின் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? அதனால் இந்த முறை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்து அம்மாக்கள்தான் முதலில் எழும்பினார்கள். “எங்கட பிள்ளையளுக்குத் தொழில் தெரியும் தம்பி, கையிலதான் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அதை எடுத்துக் குடுங்கோ” என்று ஒரு அக்கா சொன்னதை அந்தக் கள உத்தியோகத்தர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது திட்டம் மாறியிருந்தது. சண்டைக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த உதவிகளில் எங்கள் வாய்ச்சொல் ஏறியது இதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது கடதாசி வேலை. 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் எந்த பங்கருக்குள் போனது என்று எங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குப் பதிவு இருந்தது, கிளிநொச்சியில் பிரதி எடுத்துவிட்டேன். பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ், அதை வைத்து அடையாள அட்டை, பிறகு கிராம அலுவலரின் கடிதம், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் என்று நீண்டுகொண்டே போனது. இதற்கு அந்தத் திட்டத்து அக்கா ஒருவர் கூடவே வந்து வரிசையில் நின்றார். டூல்ஸ் பெட்டியை யாரும் வாங்கித் தரலாம், இப்படிக் கூட நிற்க ஆள் கிடைப்பது பெரிய விசயம். இப்போது சேரப் போகிறவர்கள் மற்ற எதையும் விட அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் சரிபார்த்து, எழுத்துப் பிழை இருந்தால் உடனே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.

சான்றிதழ் என்றால் என்.வி.கியூ., தேசிய தொழில் தகைமை. ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்கள் இருக்கின்றன, ஏழு என்றால் பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் அதைச் செய்து காட்டி எடுக்கிற வழியும் இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். அதற்கு ஒரு கோப்பு தயார் பண்ண வேண்டும். நான் மாமாவிடம் கடிதம் வாங்கினேன், பைக் திருத்தக் கொடுத்த கமக்காரர்களிடம் வாங்கினேன், இஞ்சின் பிரித்து வைத்த படங்களை ஒட்டினேன். மதிப்பீட்டாளர் கேள்வியும் கேட்பார், செய்தும் காட்டச் சொல்வார். வால்வு இடைவெளியை நாங்கள் சத்தத்தைக் கேட்டே வைத்துவிடுவோம், அங்கே தகட்டை விட்டு அளந்து மில்லிமீற்றரில் சொல்ல வேண்டும். அந்த மாதிரி விசயங்களுக்காக முன்கூட்டியே வார இறுதியில் வகுப்பு வைத்துத் தந்தார்கள். அது இல்லாமல் கை மட்டும் தெரிந்தவன் போய்த் தேறுவது கஷ்டம்.

பெண் பிள்ளைகள் பாதியில் நிற்கத் தொடங்கியது அப்போதுதான். ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வகுப்பு முடிகிற நேரத்துக்கும் எங்கள் உள் வீதிக்கு வருகிற கடைசி பஸ்ஸுக்கும் பொருந்தவில்லை, ஒரு பிள்ளைக்குக் கைக்குழந்தை வேறு. அம்மாக்கள் போய்ப் பேசி வகுப்பை முன்னேரத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் தந்த போக்குவரத்துக் காசைச் சேர்த்து ஒரு வான் பிடித்தோம், குழந்தையைச் சங்கத்து அம்மாக்கள் மாறி மாறி வைத்திருந்தார்கள். நின்றவர்களில் பாதிப்பேராவது திரும்பி வந்தார்கள்.

டூல்ஸ் வாங்க மூன்று கடையில் விலைமனு எடுக்கச் சொன்னார்கள். நாங்கள் எடுத்துக் கொடுத்து, அது மேலே போய் அனுமதி வருவதற்குள் நாட்டில் ரூபாய் விழுந்துவிட்டது. வருடத் தொடக்கத்தில் இருநூறு சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது, பழைய விலைக்குக் கடைக்காரர் ஒரு ஸ்பானர் செட் கூடத் தர மாட்டார். திரும்பவும் விலைமனு, திரும்பவும் கையொப்பம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதும் மண்ணெண்ணெய் பம் வைத்திருந்த தோட்டக்காரர் பலர் கரண்ட் மோட்டருக்கு மாறத் தொடங்கினார்கள். அதனால் எனக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சத்தை மோட்டர் சுற்றுகிற சாமானுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். காரணத்தை எழுதிக் கொடுத்தேன், மாற்றினார்கள். படிவத்தில் இருக்கிறதே என்று வாய் மூடி இருக்காதீர்கள்.

கிடைத்த உதவியில் ஒரு பகுதியை மாதாமாதம் எங்கள் குழுவுக்கே திருப்பிக் கட்ட வேண்டும், அது அடுத்த பெடியனுக்குப் போகும், சுழற்சி நிதி. இதைச் சொன்னதும் அம்மாக்கள் பயந்தார்கள். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற காலத்தை அவர்கள் மறக்கவில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே ஏற்க வேண்டி வந்த அளவுக்கு நிலைமை இருந்தது. எங்களுடையதில் வட்டி இல்லை, கணக்குப் புத்தகம் சங்கத்தில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம், வருமானம் இல்லாத மாதம் தவணை தள்ளிப்போகும். அதை எழுத்தில் போட்ட பிறகுதான் சம்மதித்தார்கள். போட்டது நல்லது.

இப்போது என்னோடு இரண்டு பெடியள் வேலை பழகுகிறார்கள். செல்லடியில் கால் இழந்த அண்ணா ஒருவர் போன் திருத்துகிற கடை போட்டிருக்கிறார், கடை வாசலில் சாய்தளமும் எங்கள் குழுக் காசில்தான் கட்டியது. ஒரு தங்கச்சி அறிவியல் நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். திட்டம் முடிந்து உத்தியோகத்தர்கள் போய்விட்டார்கள், சுழற்சி நிதி ஓடுகிறது. பின்னேர பஸ் மட்டும் இன்னும் வரவில்லை, கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரில் இந்த மாதிரித் திட்டத்துக்குப் பெயர் பதிகிறார்கள் என்றால் கோப்புக்கு என்ன வேண்டும் என்று என் கராஜுக்கு வந்து கேளுங்கள், என்னுடைய கோப்பின் பிரதியைத் தருகிறேன்.